கொடி இடும் பொய் முட்டை

"செடிக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. பிறகு எப்படிப் பட்டாம்பூச்சி முட்டையைப் பார்த்து, அச்சு அசலாக அதே மாதிரி தன் இலையில் செய்து வைக்கிறது?" பாசிஃப்ளோரா கொடியைப் பற்றிப் போகிறபோக்கில் நான் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

பேஷன் ஃப்ரூட் காய்க்கும் கொடி, வேலியோரம் படரும் சிறுபூனைக்காலி, இரண்டுமே பாசிஃப்ளோராதான். பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். அங்கே இந்தக் கொடிகளையே நம்பி வாழ்பவை ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சிகள். கறுப்புச் சிறகில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்டிருக்கும். நம் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவனுக்கு உறவுமுறை. இரண்டும் ஒரே துணைக்குடும்பம். கொடியின் சாற்றில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உண்டு. பெரும்பாலான பூச்சிகள் ஒதுங்கிப்போக, ஹெலிகோனியஸ் புழுக்கள் அதைத் தின்றே வளர்கின்றன.

முட்டையிட வரும் தாய்ப்பூச்சியைக் கவனியுங்கள். இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் நடப்பது நான்கு கால்களில்தான். முன்கால் இரண்டும் குறுகிப்போனவை. பெண் பூச்சி அந்தக் குட்டைக் கால்களால் இலையைப் படபடவென்று தட்டி ருசி பார்க்கும். ருசி ஒத்துவந்தாலும் உடனே முட்டையிட்டுவிடாது. தளிரைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, ஏற்கெனவே அங்கே மஞ்சள் முட்டை இருக்கிறதா என்று கண்ணால் தேடும். காரணம் இருக்கிறது. பல ஹெலிகோனியஸ் இனங்களில் முதலில் பொரிந்த புழு, பிறகு வரும் முட்டையையே தின்றுவிடும். தளிரும் சின்னது, இரண்டு புழுக்களுக்குக் காணாது. ஆகவே முட்டை கண்ணில் பட்டால் தாய் வேறு தளிரைப் பார்த்துப் போய்விடுகிறது.

இந்த எச்சரிக்கையைத்தான் கொடி பயன்படுத்திக்கொள்கிறது. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைப்பதைப் போல, பொய் முட்டை ஒன்றைக் காட்டினால் போதும்.

அதைக் கொடி 'செய்யவில்லை' என்பதுதான் வாசகருக்கு என் பதில். பாசிஃப்ளோரா இலைகளில் தேன் சுரப்பிகள் முன்பே உண்டு. தேனுக்கு வரும் எறும்புகள் புழுக்களைத் தாக்கும். ஏதோ ஒரு கொடியில் சுரப்பி கொஞ்சம் புடைத்து, கொஞ்சம் மஞ்சளாக அமைந்தது. அதைப் பார்த்துத் தயங்கிய தாய்ப்பூச்சி பக்கத்துக் கொடிக்குப் போனது. இலை தப்பியது, கொடி விதை விட்டது. அடுத்தடுத்த தலைமுறைகளில் முட்டைக்கு இன்னும் நெருக்கமான புடைப்புகளே அதிகம் தப்பின. செடிக்குக் கண் தேவைப்படவில்லை. தேர்ந்தெடுத்த கண் பட்டாம்பூச்சியுடையது! கோஸ்டா ரிகாவின் பாசிஃப்ளோரா போண்டெரியில் இலைப்பரப்பின் சுரப்பிகளே மஞ்சள் முட்டைகளாகத் தெரிகின்றன. வேறு இனங்களில் இலைக்காம்படியில் இருக்கும் இலையடிச் செதில்கள் அந்த வேடம் போடுகின்றன. வெவ்வேறு உறுப்பு, வெவ்வேறு வழி, வந்து சேர்ந்த உருவம் மட்டும் ஒன்று. எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

வெறும் ஊகமா இது? இல்லை. ஆய்வாளர்கள் கேத்தி வில்லியம்ஸும் லாரன்ஸ் கில்பர்ட்டும் 1981இல் சோதித்துக் காட்டினார்கள். முட்டையோ முட்டைப்போலியோ இருக்கும் தளிர்களில் பெண் பூச்சிகள் முட்டையிடுவது குறைந்தது. இந்த மாதிரி வேலைக்கு முதலில் வேண்டியது பூச்சியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை. ஆனால் நிதி கேட்டுப் போனால் 'இதனால் என்ன பயன்?' என்றுதான் வரவேற்பு கிடைக்கும். பயன் சொன்னால்தான் பணம் என்ற அளவுகோலை அடிப்படை ஆய்வுக்கு வைப்பது தவறு; நான் இதை எங்கும் சொல்வேன்.

பூச்சிகளும் சும்மா இருப்பதில்லை. பாசிஃப்ளோரா அடெனோபோடா இலையில் நுண்ணிய கொக்கி முடிகள் உண்டு. புழுவின் தோலைக் குத்திப் பிடித்து, நகரவிடாமல் சாகடித்துவிடும். இந்தப் போட்டியில் கொடி ஜெயித்துவிட்டதா என்று 1971இலேயே கில்பர்ட் கேட்டார். ஹெலிகோனியஸ் சரித்தோனியா என்ற இனத்தின் புழுக்களோ, இதே போன்ற கொக்கி முடிகள் கொண்ட பாசிஃப்ளோரா லோபாட்டாவில், கொக்கிகளின் மேல் பட்டு நூலால் விரிப்பு நெய்து, அதன் மேல் நடந்து போகின்றன. அவற்றின் எச்சத்தில் கொக்கி முனைகளும் கிடைத்திருக்கின்றன.