வெட்ட ஏலாத சுவாசப்பைக் கான்சருக்குச் சூடு வைக்கிறது எப்பிடி?

எங்கட பெரியப்பா நாப்பது வருசமாச் சுருட்டுப் பத்தினவர். போன வருசம் ரொறன்ரோவில மகனோட போய் நிக்கேக்க இருமல் விடாம ஸ்கான் எடுத்தா வலப்பக்கச் சுவாசப்பையில 2 சென்ரிமீற்றர்ல ஒரு கட்டி, கான்சர். ஒப்பரேஷன் ஏலாது எண்டிட்டினம். கட்டி பெரிசெண்டதால இல்லை, வெட்டின பிறகு மிஞ்சிற சுவாசப்பை அவருக்கு மூச்சுவிடக் காணாது எண்டதால. இஞ்ச கோண்டாவில்ல ஃபோனைக் கையில வைச்சுக்கொண்டிருந்த பெரியம்மா "ஏலாது" எண்ட சொல்லோட எல்லாம் முடிஞ்சுது எண்டு குந்தீட்டா. அந்தச் சொல்லுக்கு அப்பிடி அர்த்தமில்லை, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

இப்பிடியான ஆக்களுக்கு டொக்டர்மார் முதல்ல யோசிக்கிறது கட்டியை மட்டும் குறிவைச்சு அடிக்கிற கதிர்ச் சிகிச்சை. இன்னொரு வழி ஊசியால உள்ளுக்குச் சூடு குடுக்கிறது, பெரியப்பாவுக்குச் செய்தது அதுதான். சீ.ரீ. ஸ்கான் மெசின்ல படுக்கவைச்சு, ரண்டு விலா எலும்புக்கு நடுவால 2 மில்லிமீற்றர் தடிப்புக்கூட வராத ஊசியை விட்டு, படம் பாத்து, கொஞ்சம் தள்ளி, திருப்பிப் படம் பாத்துத்தான் கட்டிக்க கொண்டு போவினம்.

அந்த ஊசி நெருப்புக் கம்பி இல்லை. அதால போறது கரண்ட். வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 தரம் ஆடும், இது 4, 5 லட்சம் தரம் ஆடும். அந்த வேகத்துக்கு நரம்பாலயும் தசையாலயும் ஈடுகுடுக்க ஏலாது, அதால ஷொக் அடிக்காது, சூடு மட்டும் வரும். இதை 1891 இலயே தார்சொன்வால் எண்ட பிரெஞ்சு விஞ்ஞானி காட்டீட்டார், ஆனா மனுசற்ற சுவாசப்பைக் கட்டிக்கு இப்பிடிச் செய்ததை அமெரிக்காவில டுபுயி எண்ட டொக்டரும் அவரோட நிண்டவையும் எழுதினது 2000 இலதான். கட்டியில இருக்கிற உப்பு அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள சின்னத் துணிக்கைகள், கரண்டோட சேந்து முன்னும் பின்னும் ஆடி உரஞ்சிச் சூடாகும், அதாவது கட்டி தன்ர உடம்புக்குள்ளயே வேகுது. 60 பாகையைத் தாண்டினா புரதம் அவிச்ச முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைஞ்சு கலம் அந்த இடத்திலயே செத்திடும். அதுக்காகச் சூட்டைக் கண்டபடி ஏத்தவும் கூடாது. 100 தாண்டினா ஊசியைச் சுத்திக் கருகும், கருகின இடத்தால கரண்ட் போகாது. கோடையில நிலம் காஞ்சா ஏர்த் கம்பியடியில தண்ணி ஊத்துறமே, அதே கதைதான்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்துத்தான். சுவாசப்பை காத்து நிறைஞ்ச பஞ்சு மாதிரி, காத்து சூட்டை லேசில கடத்தாது. பாண் போடுற போறணையில செங்கல் சூட்டை வெளியால விடாமப் பிடிச்சு வைக்கிற மாதிரி, கட்டியைச் சுத்தியிருக்கிற காத்து சூட்டைக் கட்டிக்குள்ளயே வைச்சிருக்கும். ஆனா பக்கத்தில 3 மில்லிமீற்றருக்கு மேல ஒரு ரத்தக் குழாய் போகுதெண்டா ஓடுற ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போயிடும், தண்ணி ஓடுற வாய்க்கால் கரையில நெருப்பு மூட்டின மாதிரி, அந்தப் பக்கத்துக் கலங்கள் தப்பிப் பிழைச்சுத் திரும்ப வளரலாம். இப்பிடியான இடத்துக்கு மைக்ரோவேவ் ஊசி கொஞ்சம் நல்லது. வீட்டு மைக்ரோவேவ் மாதிரி செக்கனுக்கு 245 கோடி தரம் ஆடுற அலையால தண்ணி மூலக்கூறுகளை உலுப்பிச் சூடாக்கும், கருகினாலும் நிக்காது.

கட்டி 3 சென்ரிமீற்றருக்குள்ள இருந்தாத்தான் நல்ல பலன். கட்டியோட நிப்பாட்டாமச் சுத்திவர 5 மில்லிமீற்றராவது நல்ல சதையையும் சேத்துச் சுடோணும், கண்ணுக்குத் தெரியாத கலங்கள் அதுக்க நிக்கும். அடிக்கடி வாற பிரச்சினை ஊசி போன ஓட்டையால காத்துக் கசிஞ்சு நெஞ்சுக்க தேங்கிறது. கொஞ்சமெண்டா தானா வத்தும், கூடினா ரியூப் போட்டு எடுப்பினம். பெரியப்பாவுக்கு ரியூப் தேவைப்படேல்ல, ரண்டு மூண்டு நாள் காய்ச்சலும் இருமலும் மட்டும்.

ஒரு மாசத்தில எடுத்த ஸ்கான் படத்தை மகன் வாட்ஸ்அப்பில அனுப்பினான். வெள்ளைப் பொட்டு முந்தியதை விடப் பெரிசு. பெரியம்மா படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்திட்டு "வளந்திட்டுதெல்லே" எண்டு என்ர கையைப் பிடிச்சா. வளரேல்ல பெரியம்மா, கட்டியும் சுத்திவரச் சுட்ட சதையும் சேந்து தெரியுது, முதல் மாசங்களில அப்பிடித்தான் இருக்கும் எண்டன். அவ நம்பேல்ல. ஆறாம் மாசப் படத்தில அது சுருங்கி ஒரு தழும்பு மாதிரிக் கிடந்தது, அந்தப் படத்தை அவ இன்னும் ஃபோன்ல அழிக்காம வைச்சிருக்கிறா.