ஜூமா, பிரைமா: ஒரு பழைய லென்ஸைப் பிரித்துப் பார்த்தபோது

போன மழைக்காலத்தில், கேமராவோடு சேர்ந்து வந்த என்னுடைய 18-55 கிட் லென்ஸில் ஃபங்கஸ் பிடித்துவிட்டது. குவிய நீளத்தை 18 முதல் 55 மி.மீ. வரை மாற்றும் ஜூம் அது. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும். கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரி படர்ந்திருந்தது. பையில் சிலிக்கா ஜெல் போட மறந்தது என் தப்புதான். சர்வீஸுக்கு ஆகும் செலவில் பழைய லென்ஸ் இன்னொன்றே வாங்கிவிடலாம். சரி, போகட்டும் என்று தரையில் செய்தித்தாளை விரித்து, ஸ்குருக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

கண்ணாடிகளைவிட அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்தான் சுவாரசியமாக இருந்தது. அதன் சுவரில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள். ஒன்றின் வளைவு மற்றதற்கு இல்லை. பள்ளத்துக்குள் சின்னச் சின்ன முளைகள். அவை கண்ணாடித் தொகுதிகளைப் பிடித்திருக்கின்றன. ஜூம் வளையத்தைத் திருப்பினால் குழாய் சுற்றுகிறது, முளைகள் பள்ளத்தின் போக்கில் வழுக்குகின்றன, ஒவ்வொரு தொகுதியும் அதனதன் கணக்குப்படி நகர்கிறது.

இந்த வகை லென்ஸில் முன்தொகுதி ஒளியை விரிக்கும், பின்தொகுதி குவிக்கும். பின்தொகுதி முன்னால் வர வரப் படம் பெரிதாகும். ஆனால் கூடவே பிம்பம் சென்சாரை விட்டு விலகிவிடும். அதை மறுபடி சென்சாரில் உட்காரவைக்க முன்தொகுதியும் நகர வேண்டும். கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இப்போதே திருப்பிப் பாருங்கள்: முன்பக்கம் முதலில் கொஞ்சம் உள்ளே போய், நடுவழியில் மனம் மாறியதுபோல் வெளியே வரும். அந்த வளைந்த பள்ளம் செய்கிற வேலை அது.

பிரைமில் இந்தக் கூத்து எதுவும் கிடையாது. குவிய நீளம் ஒன்றுதான். ஃபோகஸுக்காக மட்டும் கண்ணாடி நகரும். 1896-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் லென்ஸில் ஆறு கண்ணாடிகள், நடுவில் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை வைத்து இருபக்கமும் முகம் பார்த்தாற்போல் நிற்கும். முன்பாதி செய்யும் பிழைகளில் பலவற்றைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து கழித்துவிடும். இன்று கடையில் கிடைக்கும் மலிவான 50 எஃப் 1.8 லென்ஸ்கள் (50 குவிய நீளம், எஃப் எண் குறையக் குறையத் துளை அகலம்) பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைகள்தான். ஜூமில் இப்படி ஒரே இடத்தில் கணக்கை முடிக்க முடியாது. 18-இல் சரிசெய்த பிழை 55-இல் வேறு முகத்தோடு வந்து நிற்கும். நேர்க்கோடு ஒரு முனையில் வெளிப்பக்கமாகவும் மறுமுனையில் உட்பக்கமாகவும் வளைவது அதனால்தான்.

பிழையைக் குறைக்கக் கண்ணாடி சேர்த்தால் இன்னொரு தொல்லை. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து தொகுதி (தனிக் கண்ணாடியோ, ஒட்டவைத்த கண்ணாடிகளோ ஒரு தொகுதி) கொண்ட 50 எஃப் 1.8-இல் காற்றைத் தொடும் பரப்புகள் பத்து. பூச்சே இல்லாவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு ஒளி தேறும். கேனனின் ஈஎஃப் 70-200 எஃப் 2.8-இன் மூன்றாம் பதிப்பில் 23 கண்ணாடிகள், 19 தொகுதிகள், ஆக 38 பரப்புகள். பூச்சில்லாமல் தேறுவது ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சமும் சும்மா போகாது. உள்ளேயே எகிறிக் குதித்துப் படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கும். 1935-இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளியைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் இத்தனை கண்ணாடிகளை அடுக்கும் துணிச்சல் வந்தது. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு முதல் ஜூமான ஸூமார் 36-82 வந்தது 1959-இல்.

அப்புறம், வெளிச்சம். 50 மி.மீ.-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28. ஒளி நுழையும் துளையின் விட்டம் ஏறக்குறைய 28 மி.மீ. கிட் லென்ஸை 50-இல் நிறுத்தினால் அதிகபட்சம் எஃப் 5.6, அதாவது 9 மி.மீ. துளை. வித்தியாசம் விட்டத்தில் மூன்று மடங்கு, ஒளியில் கிட்டத்தட்ட பத்து மடங்கு. இரவில் குழல்விளக்கு வெளிச்சத்தில் கிட் லென்ஸ் 1/20 நொடி கேட்கும் இடத்தில் பிரைமுக்கு 1/200 போதும். ஓடுகிற குழந்தையின் முகம் முதலாவதில் கலங்கும், இரண்டாவதில் நிற்கும். அகலத் துளை கொண்ட ஜூமும் உண்டு. அந்த 70-200-இன் எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 50 எஃப் 1.8 வெறும் 160 கிராம் வரும். விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

"பிரைம் இருந்தால் காலே ஜூம்" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். 3 மீட்டர் தள்ளி நிற்பவரை 50-இல் எடுக்கிறீர்கள், அவருக்கு 100 மீட்டர் பின்னால் கோபுரம். 6 மீட்டருக்குப் பின்வாங்கி 100-இல் எடுத்தால் ஆள் அதே அளவு. கோபுரம் மட்டும் ஏறக்குறைய இரு மடங்காக எழும். நடப்பது கோணத்தையே மாற்றுகிறது, வெறும் அளவை அல்ல. தவிர, நடக்க இடமும் வேண்டுமே? 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 என்பது 75 அல்லது 80 போல இறுக்கிக் காட்டும். என் வீட்டு ஹாலில் நாலு பேரைச் சேர்த்து எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டுகிறது. முகூர்த்த நேரத்தில் கதையே வேறு. கெட்டிமேளம் முழங்கத் தொடங்கிய பிறகு லென்ஸ் மாற்றுகிறவருக்குத் தாலி கட்டும் படம் கிடைக்காது. கல்யாண போட்டோகிராபர்கள் அவ்வளவு எடையைச் சுமப்பது இதற்காகத்தான்.

அடுத்து என்ன வாங்குவது என்று யாரையும் கேட்பதற்கு முன், பழைய படங்களின் விவரத்தில் குவிய நீளத்தைப் பாருங்கள். நான் பார்த்தேன். என் படங்களில் பாதிக்கு மேல் 55-லேயே நின்றிருந்தன, அதிலும் நிறைய வீட்டுக்குள் எடுத்தவை, கலங்கியவை. 50 எஃப் 1.8 வாங்கிவிட்டேன். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். அதற்கு மட்டும் ஒரு ஜூமை வாடகைக்கு எடுக்க வேண்டும்.