மதுரைப் புழுக்கமும் வெள்ளிக் கிரகமும்

“ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.” ஆவணி, புரட்டாசியில் மதுரைக்கான முன்னறிவிப்பு பாதி நாள் இப்படித்தான் இருக்கும். தல்லாகுளத்தில் கொட்டித் தீர்க்கும். திருப்பரங்குன்றத்தில் புழுதி பறக்கும். உடனே வானிலைக்காரர்களைக் கேலி செய்து நாலு மீம் கிளம்பும். ஆனால் அவர்கள் கணக்கில் அந்த வாக்கியத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானிகளில் நாலில் ஒரு பங்கு வரைதான் மழை பதிவாகும் என்று பொருள். மீதி முக்கால் பங்கு காய்ந்து கிடந்தாலும் முன்னறிவிப்பு பலித்ததாகத்தான் கணக்கு.

சரி, எந்தக் கால் பங்கு நனையும் என்று ஏன் சொல்ல முடிவதில்லை? தலைக்கு மேலே செயற்கைக்கோள் இருக்கிறதே?

இருக்கிறது. நம் நாட்டு வானிலைச் செயற்கைக்கோள்களான இன்சாட்-3டிஆர் 2016 செப்டம்பரிலும், இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயின. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், நம் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் தரும். இரண்டை மாற்றி மாற்றி எடுக்க வைத்தால் கால் மணிக்கு ஒன்று.

ராத்திரியிலும் படம் வருகிறதே, வெளிச்சம் ஏது? வெப்பம்தான் வெளிச்சம். சூடாக இருக்கும் எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். மதுரை மண்ணும் தார் ரோடும் மொட்டை மாடியும் வீசும் கதிரின் உச்சம் சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் விழுகிறது. இதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றில் உள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்பில் பெரும்பகுதியை வழியிலேயே விழுங்கிவிடும். ஏறக்குறைய 8 முதல் 13 மைக்ரான் வரை மட்டும் ஒரு சந்து திறந்திருக்கிறது. வளிமண்டல ஜன்னல் என்று அதற்குப் பெயர். பூமியின் தரை தன் சூட்டை நேராக விண்வெளிக்கு அனுப்புவது அந்த ஜன்னல் வழியாக. இன்சாட் பூமியை எட்டிப்பார்ப்பதும் அதே ஜன்னல் வழியாகத்தான்.

ஜன்னலில் மேகம் வந்து நின்றால் செயற்கைக்கோளுக்குத் தரை மறைந்து, மேகத்தின் உச்சி மட்டும் தெரியும். உயரம் கூடக் குளிர் கூடும் என்பதால், உச்சியின் வெப்பநிலையை வைத்து மேகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள். நல்ல இடிமேகத்தின் உச்சி மைனஸ் 60, 70 டிகிரி வரை இறங்கும். அதாவது 14, 15 கிலோமீட்டர் உயரம். டிவியில் காட்டும் வண்ணப் படத்தில் செக்கச் செவேலென்று தெரிவது மழையின் அளவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது மேகத் தலையின் குளிர். இடிமேகம் முற்றியதும் உச்சி குடையாக விரிந்து பல கிலோமீட்டருக்குப் பரவிவிடும். அதற்கு அடியில் ஒரு மூலையில் மட்டும் மழை கொட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு, இந்த வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 4 கிலோமீட்டர். செல்லூருக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவே இரண்டு புள்ளிதான்.

மழையை மழையாகவே பார்ப்பது டாப்ளர் ரேடார்: தரையிலிருந்து ரேடியோ கதிரை அனுப்பி, மழைத்துளியில் பட்டுத் திரும்புவதை அளக்கும் கருவி. மதுரைக்குக் காரைக்கால் ரேடார் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால், அவ்வளவு தூரம் வருவதற்குள் அதன் மிகத் தாழ்ந்த கதிரே நம் தலைக்கு நாலு கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். கொச்சி, திருவனந்தபுரம் ரேடார்களுக்கோ நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. 36,000 கிலோமீட்டரிலிருந்து உச்சி தெரிகிறது. கடைசி நாலு கிலோமீட்டரில் நடப்பது மங்கல். ராக்கெட் விட்ட கையோடு கிட்டத்தில் ரேடாரும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தக் கடைசி நாலு கிலோமீட்டரில்தான் மதுரையின் கூத்து முழுக்க நடக்கிறது. தென்மேற்குக் காற்று கேரளச் சரிவிலேயே ஈரத்தை இறக்கிவிட்டு, மலை தாண்டிக் கீழே இறங்கும்போது அழுத்தத்தில் சூடாகி, வறண்டு வந்து சேரும். ஆகஸ்டிலும் வெயில் மண்டையைப் பிளப்பது அதனால்தான். சாயங்காலம் ராமநாதபுரம் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். இரண்டும் முட்டிக்கொள்ளும் கோட்டில் காற்று மேலே எழும்பி, மேகம் கட்டும். கோடு சிறுமலைப் பக்கம் விழுமா மேலூர்ப் பக்கம் விழுமா என்பது அன்றைய காற்றின் பலத்தைப் பொறுத்தது. “புழுங்குது, இன்னிக்கு மழை இருக்கு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. புழுக்கம் என்றால் தரையோரக் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது. இடிமேகத்துக்கு எரிபொருள் அதுதான்.

மழை வராமல் புழுக்கம் மட்டும் தங்கிவிட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. அப்போது நீராவி ஜன்னலையே மங்கவைக்கிறது: தரையின் சூடு வெளியே போக முடியாமல் திரும்பி வருகிறது. இதற்கு நேர் எதிரான காட்சி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத ராத்திரியில் கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி படியும். அங்கே 2,000 மீட்டருக்கு மேலே தலைக்கு மேல் நீராவி குறைவு. ஜன்னல் நன்றாகத் திறந்திருக்கிறது. காற்று நாலைந்து டிகிரியில் இருக்கும்போதே புல் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும்.

இந்த ஜன்னலின் ஓரச் சட்டம்தான் கார்பன் டை ஆக்சைடு. 15 மைக்ரான் பக்கத்துக் கதிரை அது விழுங்குகிறது. அந்த வரம்பின் நடுப்பகுதி எப்போதோ அடைபட்டுவிட்டது. வாயு கூடக் கூட அடைப்பு ஓரங்களில் அகலமாகி ஜன்னலைக் குறுக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்சாட்டில் உள்ள சவுண்டர் கருவி இதே அடைப்பை வைத்துத்தான் பிழைக்கிறது. அடைப்பின் நடுவில் பார்த்தால் மேலடுக்கின் வெப்பம் தெரியும். ஓரத்துக்கு வர வர கீழடுக்குகள் தெரியும். இப்படிப் பல அலைநீளங்களில் பார்த்து, மதுரைக்கு மேலே எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அடுக்கடுக்காகக் கணக்கிடுகிறார்கள். இந்த வாயு வெப்பத்தைத் தடுக்கிறது என்று நம்ப மறுப்பவர், நாளைக்கு மழை வருமா என்று பார்க்கும் முன்னறிவிப்பையும் நம்பக் கூடாது. இரண்டுக்கும் ஒரே இயற்பியல்.

காற்று சூடானால் அது தாங்கும் நீராவியும் கூடும், டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம். ராத்திரிப் புழுக்கம் ஏறுவதற்கும், பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதற்கும் அது வழிவிடுகிறது. கடலும் சூடு, வைகைக்கு வரும் காற்றும் ஈரம், நடுவில் கண்மாய்கள் மேடேறிக் கிடக்கின்றன.

“பூமி சூடாவதெல்லாம் சூரியனின் வேலையாக இருக்கக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. தாது வருஷப் பஞ்சம் (1876–78) தமிழ்நாட்டை வாட்டியெடுத்த பிறகு, சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடுமா என்று ஆங்கிலேய அரசின் வானிலை அதிகாரிகள் யோசித்தார்கள். நம் பழனி மலைத்தொடரில் 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்ததில் அந்த யோசனைக்கும் பங்குண்டு. முழுப் பதில் தரையிலிருந்து கிடைக்கவில்லை, ஏனென்றால் நடுவில் காற்று இருக்கிறது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் வெளியே நின்று அளக்கின்றன: 11 ஆண்டுச் சுழற்சியில் சூரிய ஒளி ஏறி இறங்குவது சுமார் 0.1 சதவீதம் மட்டுமே. பூமி சூடேறிய இந்தப் பல ஆண்டுகளில் சூரிய ஒளி தொடர்ந்து கூடவும் இல்லை.

ஜன்னல் கிட்டத்தட்ட மூடியே போனால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளிக் கிரகம் இருக்கிறது. சூரியனுக்கு நம்மைவிடப் பக்கத்தில் இருந்தாலும், கந்தக அமில மேகங்கள் முக்கால்வாசி ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், சதுர மீட்டருக்கு அது உள்வாங்கும் ஒளி பூமியைவிடக் குறைவு. ஆனாலும் தரையில் சுமார் 465 டிகிரி. காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்கு. சோவியத்தின் வெனீரா-7 கலம் 1970-ல் அங்கே இறங்கி வெப்பநிலையை அனுப்பியது. வெள்ளியின் மேகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் பின்னர் தன் ஆராய்ச்சியைப் பூமியின் பக்கம் திருப்பி, 1988-ல் அமெரிக்க செனட்டில் புவி சூடாவதைப் பற்றிச் சாட்சி சொன்னார். இஸ்ரோவின் வெள்ளிப் பயணத்துக்கும் 2024 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்துவிட்டது. “வெள்ளிக்குப் போகிற காசில் கண்மாயைத் தூர் வாரலாமே” என்று டீக்கடையில் பேச்சு வரும். தூர் வாரத்தான் வேண்டும். அதற்கு வெள்ளியின் காசு தேவையில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வானிலை மையத் தளத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கொடை அடிவாரம், சிறுமலை, அழகர் மலைப் பக்கம் பாருங்கள். சின்ன வெண்புள்ளி அடுத்தடுத்த இரண்டு படங்களில் வெளுத்துப் பருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த மாதங்களில் இடிமேகம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். ஐப்பசிக்குப் பிறகு திசை மாறி, கடல் பக்கமிருந்து வரும். கூடவே புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியையும் வைத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். அது சத்தம் போட்டால், மாடியில் காயும் வடகம் நனைந்தாலும் பரவாயில்லை, மேலே போகாதீர்கள்.