ரைபிள் மேலே சுட்டால் அரத்தை எடுக்காதீர்கள்

போன வாரமும் ஒரு .315 ரைபிள் வந்தது. கொண்டுவந்தவர் மயூர் விஹார்க்காரர், படையில் இருந்து ஓய்வு பெற்றவர், உரிமம் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறார். “தம்பி, ஒரு சாண் மேல போச்சு. ஃபோர்சைட்டைக் கொஞ்சம் ராவிப் பார்த்தேன், இப்போ ஒன்றரைச் சாண் போகுது” என்றார். ஃபோர்சைட் என்பது பேரல் நுனியில் நிற்கும் குறிமுள்; அதன் தகடான பிளேடின் உச்சியில் கறுப்பு போய் இரும்பு பளபளத்தது. அரத்தின் கோடுகள் குறுக்கே ஓட, ஒரு ஓரம் சரிந்து கிடந்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தார். குண்டைச் சுற்றி பிளையர் கடித்த தடம். “வீடியோவுல பார்த்தேன், தோட்டாவுக்குள்ள வெடிமருந்தைக் குறைச்சா கீழ வருமாமே?”

டெல்லியில் துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிற எனக்கு இந்த இரண்டு கேள்வியும் பழகிப்போனவை. ஆனால் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அரம். ‘குண்டு மேலே போகிறது, அதனால் முன்னால் இருப்பதைத் தாழ்த்தினால் கீழே வரும்’ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். குறி பார்க்கும்போது ஃபோர்சைட்டின் நுனியை, கண்ணுக்குப் பக்கமாக இருக்கும் பேக்சைட்டின் பள்ளத்துக்குச் சமமாகக் கொண்டுவருகிறீர்கள், இல்லையா? பிளேடு குட்டையாகிவிட்டால் அந்த நுனி பள்ளத்துக்குள் அமிழ்ந்துவிடும். அதைச் சமமாக்க முகவாயை, அதாவது பேரலின் வாய்முனையை, தூக்குவீர்கள். முகவாய் ஏறினால் குண்டும் ஏறும். எவ்வளவு ராவுகிறீர்களோ அவ்வளவு மேலே. குண்டு கீழே வர வேண்டுமானால் உயரமான ஃபோர்சைட் வேண்டும், அல்லது பேக்சைட்டை இறக்க வேண்டும். பேக்சைட்டைப் பொறுத்தவரை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஃபோர்சைட்டுக்கு அதன் மறுபக்கம். இதை ஒரு தாளில் எழுதி ரைபிள் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.

ராவுவது எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதையும் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தூரத்தில் 1 மில்லிமீட்டர் மாற்றம் 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். கை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தாலே குறி எங்கோ போய்விடும். ராவிய இரும்பை யாராலும் திரும்ப வளர்க்க முடியாது. பழைய பிரிட்டிஷ் படையின் லீ என்ஃபீல்டு ரைபிள்களுக்கு அந்தக் காலத்திலேயே வெவ்வேறு உயரத்தில், 0.015 அங்குல வித்தியாசத்தில் பிளேடுகள் செய்தார்கள். படையில் ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரர் அவற்றில் சரியானதைத் தேர்ந்து பொருத்துவார். பிளேடை மாற்றுவதுதான் சரியான வழி.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். குறை ரைபிளில்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? என்னிடம் வருகிறவற்றில் நிறைய ரைபிளுக்கு ஒரு குறையும் இல்லை. பேக்சைட்டின் தூர அளவு 300-இல் நிற்கும், சுடுவது 50-இல். இல்லாவிட்டால் கறுப்பு வட்டத்தின் அடிவிளிம்பில் குறி வைக்கும்படி சரிசெய்த ரைபிளை வாங்கி, வட்டத்தின் நடுவே குறி வைப்பார்கள். பாதி வட்டம் மேலே போகாமல் என்ன செய்யும்? பேரலை மேசை விளிம்பில் நேரடியாகச் சாய்த்துச் சுட்டாலும் குண்டு மேலே ஏறும். மணல் மூட்டை வையுங்கள், அதுவும் பேரலுக்கு அடியில் இல்லாமல் ரைபிளின் மரக்கட்டைக்கு அடியில். மாலை மங்கலில் பிளேடு சரியாகத் தெரியாமல் அதிகமாகத் தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. எண்ணெய் துடைக்காத பேரலின் முதல் குண்டை நம்பவே நம்பாதீர்கள். ஒரு குண்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஐந்து குண்டு ஒரே இடத்தில் கூடுகிறதா என்று பாருங்கள். சிதறிக் கிடந்தால் முதலில் திருகாணிகளைச் சோதிக்க வேண்டும். சைட்டைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்.

துக்ளகாபாத் ரேஞ்சில் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தத் தலைவலியே இல்லை. சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்டில் திருகு இருக்கிறது, க்ளிக் எண்ணித் திருப்பினால் போதும்.

சரி, மருந்துக்கு வருவோம். வீடியோவில் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள் அமெரிக்காக்காரர்கள். அங்கே அது சட்டம் அனுமதிக்கிற பொழுதுபோக்கு. சோதித்து அச்சிட்ட அளவு அட்டவணை, நுண்ணிய தராசு, அதற்கென்றே கருவிகள் எல்லாம் வைத்துக்கொண்டு, அந்த அட்டவணையின் எல்லைக்குள் மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தாலும் மருந்து குறைந்தால் குண்டு கீழே வரும் என்று சொல்ல முடியாது. சுடும்போது பின்னுதைப்பில் பேரல் மேலே எழும்புகிறது. வேகம் குறைந்த குண்டு பேரலுக்குள் கூடுதல் நேரம் இருப்பதால், கிட்டத்து இலக்கில் இன்னும் மேலேயே படலாம்.

பெரிய ஆபத்து இது: மருந்து போதாவிட்டால் குண்டு பேரல் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். சத்தம் ஒரு மாதிரியாக வரும். ‘என்ன இது’ என்று அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் பேரல் வெடிக்கும். விரலும் கண்ணும் போகும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டால், எந்த ரைபிளானாலும், நிறுத்துங்கள். முகவாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி சற்றுப் பொறுத்து, தோட்டாவை இறக்கி, பேரல் காலியா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

சட்டமும் விளையாட்டு இல்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுக்கு எதிரானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை ஏழு ஆண்டிலிருந்து ஆயுள் வரை. ‘வீட்டில் சும்மா பிரித்துப் பார்த்தேன்’ என்பதெல்லாம் எடுபடாது.

மயூர் விஹார்க்காரரின் பிளேடை மாற்றிக் கொடுத்துவிட்டேன். பிளையர் கடித்த தோட்டாவை எந்த ரைபிளிலும் போடக்கூடாது என்று தனியே வாங்கி வைத்தேன். உங்களிடமும் அப்படிப் பிரித்து மூடியவை இருந்தால், ஐயா, தயவுசெய்து சுட்டுப் பார்க்காதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். எந்தக் கடையில் வாங்கினீர்களோ அங்கேயே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.