கலங்கிய தண்ணீரில் மீனின் காது

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் விரிகுடாவின் கிழக்குப் பகுதி. விடிந்தும் விடியாத நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் நான்கு பேர் நிற்கிறோம். இங்கே காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. தரையோடு இழுத்து இழுத்துத்தான் நகர வேண்டும். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்துவிட்டால் அதன் வால்முள் கெண்டைக்காலில் இறங்கிவிடும். இழுத்து நடந்தால் அதிர்வை உணர்ந்து அதுவே விலகிப் போய்விடும்.

தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. கையை முழங்கை வரை அமிழ்த்திப் பார்த்தேன், விரல்கள் தெரியவில்லை. இந்தக் கலங்கலில் ஒரு மீன் எங்கள் இரையை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறது?

எங்களில் மூத்தவர் தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். அவர் தக்கையை வீசினார், தூண்டில் கம்பை ஒரு வெட்டு வெட்டினார். "டொப்" என்று ஓர் ஓசை. பத்து விநாடி பொறுத்தார். மறுபடி ஒரு "டொப்". நான்காவது முறை தக்கை திரும்ப மேலே வரவில்லை. வெள்ளி உடம்பும் முதுகில் கறுப்புப் புள்ளிகளுமாக ஒரு ட்ரௌட் அவர் கைக்கு வந்தது. "கண்ணால் பார்த்து வரவில்லை தம்பி, காதால் கேட்டு வந்திருக்கிறது" என்றார். அவர் சொன்னது இயற்பியல்படியும் சரிதான். அது எப்படி என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ், லூசியானா கடற்கரைகளில் கரையோர மீன்பிடிப்பு என்றால் பெரும்பாலும் இரண்டே பெயர்கள்தான் காதில் விழும்: ரெட்ஃபிஷ், புள்ளி ட்ரௌட். ட்ரௌட் என்று அழைத்தாலும் மலை ஓடைகளில் வாழும் ட்ரௌட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை. ரெட்ஃபிஷ், புள்ளி ட்ரௌட் இரண்டுமே சயீனிடே குடும்பம், அதாவது நம் கடற்கரையில் கத்தாளை என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பம். ரெட்ஃபிஷ்ஷின் முழுப் பெயர் ரெட் டிரம். செம்பு நிற உடம்பு, வால் தொடங்கும் இடத்தில் கறுப்புப் பொட்டு. பெயரில் இருக்கும் டிரம் அது எழுப்பும் முழக்கத்தால் வந்தது.

கத்தாளையை வீட்டில் ஆய்ந்தவர்களுக்குத் தெரியும், அதன் தலைக்குள் வெள்ளையாக இரண்டு கற்கள் இருக்கும். அன்று மாலை அண்ணாச்சி ரெட்ஃபிஷ் தலையைப் பிளந்து அதே கற்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மொச்சைக் கொட்டை போன்ற வடிவம், பீங்கான் போன்ற வழவழப்பு, அளவுக்கு மீறிய கனம். மீனின் காது இந்தக் கல்லை வைத்துத்தான் வேலை செய்கிறது.

மீனின் சதைக்கும் தண்ணீருக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் தண்ணீரில் வரும் ஒலி மீனின் உடம்பில் மோதித் திரும்பாமல் ஊடுருவிப் போகிறது. மீனின் உடம்பும் தண்ணீரோடு சேர்ந்தே முன்னும் பின்னும் ஆடுகிறது. எல்லாம் ஒன்றாக ஆடினால் ஆட்டம் தெரியாது. செவிக்கல்லோ கால்சியம் கார்பனேட்டால் ஆனது, சதையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தி கொண்டது. உடம்பு ஆடும்போது அது சற்றுப் பின்தங்குகிறது. பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்கிறாரே, அதே கதைதான். கல்லுக்கு அடியில் நுண்ணிய மயிர்கள் கொண்ட உணர்செல்கள் படுக்கையாக விரிந்திருக்கின்றன. கல் பின்தங்கும்போது அந்த மயிர்கள் வளைகின்றன, வளைந்த திசையை நரம்பு மூளைக்குச் சொல்கிறது. ஒலி இருப்பது மட்டுமல்ல, எந்தத் திசையில் ஆட்டுகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கல் மீனின் பிறப்புச் சான்றிதழும்கூட. மரத்தில் வளையம் விழுவதுபோல ஆண்டுக்கு ஒன்றாக இதில் வளையங்கள் படிகின்றன. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் எண்ணித்தான் ரெட்ஃபிஷ் 40 ஆண்டுகள் வரைகூட வாழும் என்று கண்டுபிடித்தார்கள்.

காதோடு இன்னோர் உறுப்பும் சேர்ந்து உழைக்கிறது. மீனின் விலாவில் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெடுகிலும் நீரின் அசைவை உணரும் மொட்டுகள் இருக்கின்றன. ஓர் இறால் வாலைச் சுண்டி உதைத்தால் எழும் சிறு சுழலை அது உணரும். ஆனால் அதன் எல்லை குறுகியது, மீனின் உடல் நீளத்தைப்போல ஓரிரு மடங்கு தூரம்வரைதான். தொலைவில் காது, பக்கத்தில் விலாக்கோடு, கடைசி ஓர் அடியில் கண். கலங்கல் நீரில் வேட்டை இந்த வரிசையில்தான் நடக்கிறது.

இனி தக்கைக்கு வருவோம். இங்கே விற்கும் தக்கை முட்டை வடிவத்தில் இருக்கும். தலைப்பக்கம் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். நடுவே ஒரு கம்பி, கம்பியின் இரு முனையிலும் பிளாஸ்டிக் மணிகளும் பித்தளை மணிகளும். கீழே இரண்டடி தங்கூசி, அதன் நுனியில் தூண்டில் முள், முள்ளில் உயிர் இறால். கம்பை வெட்டி இழுத்ததும் குழிந்த முகம் தண்ணீரை வாரித் தள்ளுகிறது. பின்னால் ஒரு பள்ளம் விழுகிறது, அந்தப் பள்ளத்தில் காற்று புகுகிறது, தண்ணீர் அதன் மேல் மூடிக்கொள்கிறது. சிக்கிய காற்று குமிழாகி அதிர்கிறது. நம் காதில் விழும் "டொப்" அந்தக் குமிழின் குரல். குழாயிலிருந்து வாளியில் சொட்டும் நீர் எழுப்பும் ஓசையும் இப்படித்தான் பிறக்கிறது.

குமிழின் அளவுக்கும் அதன் சுருதிக்கும் உள்ள உறவை 1933இல் மினார்ட் என்ற டச்சு வானியலாளர் கணக்கிட்டுச் சொன்னார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் சுமார் 3,300 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 3,300 அதிர்வுகளில், கீச்சிடும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள, பெரிய கோலிக்குண்டு அளவுள்ள குமிழ் சுமார் 330 ஹெர்ட்ஸில் முனகும். ட்ரௌட்டும் ரெட்ஃபிஷ்ஷும் நன்றாகக் கேட்பது சில நூறு ஹெர்ட்ஸ் ஒலிகளைத்தான். ஆக, கோலிக்குண்டு அளவுக் குமிழ் எழுப்பும் ஓசை அவற்றின் காதுக்குத் தோதாக விழுகிறது. இன்னொரு ட்ரௌட் மேல்மட்டத்தில் இறாலை உறிஞ்சி விழுங்கும்போது எழும் ஓசையும் இதே சாயலில் இருக்கும். பக்கத்தில் பந்தி நடக்கிறது என்று அந்த மீன் எண்ணிக்கொள்கிறது. மணிகளின் கிலுகிலுப்போ பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஒலிப்பது, இந்த மீன்களின் செவிக்கு எட்டாத மேல்ஸ்தாயி. வேலையைச் செய்வது "டொப்"தான் என்பது என் முடிவு.

அப்படியானால் அந்த ஓசை எவ்வளவு தூரம் போகும்? நான் தவறாக நினைத்திருந்த இடம் இதுதான். தண்ணீரில் ஒலி விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் பாயும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே விரிகுடா முழுக்கக் கேட்கும் என்றே எண்ணியிருந்தேன். ஆழம் குறைந்த இடத்தில் அது நடப்பதில்லை. நீரின் மேற்பரப்பில் மோதும் ஒலி அலை தலைகீழாகத் திரும்புகிறது. நேராகப் போகும் அலையும் தலைகீழாகத் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தண்ணீரின் ஆழம் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்காவது இருந்தால்தான் அது பக்கவாட்டில் தொலைதூரம் பயணப்பட முடியும். தரை சேறாக இருந்தால் அதற்கும் கூடுதலான ஆழம் வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 330 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் நாலரை மீட்டர். கால் பங்கு என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நாங்கள் நின்றது ஒரு மீட்டருக்கும் குறைந்த தண்ணீரில். தக்கையின் குரல் அங்கே சில மீட்டர்களுக்குள் தேய்ந்துவிடும். அது பக்கத்து வீட்டாருக்கு மட்டும் கேட்கும் அழைப்பு.

இது தெரிந்த பிறகு நாங்கள் தூண்டில் போடும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அரைமணி நேரம் தக்கையை அடித்துக்கொண்டிருப்பேன். இப்போது விசிறி விரிப்பதுபோல இடமிருந்து வலமாக வீசிவிட்டு, பத்து வீச்சில் ஒன்றும் இல்லையென்றால் இருபது அடி நகர்ந்துவிடுகிறோம். சிப்பிப் பாறைகளின் ஓரமும், மடவைக் குஞ்சுகள் துள்ளும் இடமும் முதலில். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கி, வெட்டிய தர்பூசணியின் வாசம் வந்தால் அங்கே ட்ரௌட் கூட்டம் வயிறு புடைக்கத் தின்றுகொண்டிருக்கிறது என்று இங்குள்ள மீன்பிடிப்பவர்கள் சொல்வார்கள். எங்களுக்கும் இரண்டு முறை அப்படி வாய்த்தது.

ரெட்ஃபிஷ்ஷுக்குத் தக்கை அவ்வளவு அவசியமில்லை. ட்ரௌட்டின் வாய் மேல்நோக்கியது, மேல்தாடையில் கோரைப்பல் உண்டு, அது மேலே பார்த்து வேட்டையாடும். ரெட்ஃபிஷ்ஷின் வாய் கீழ்நோக்கியது. தரையில் நண்டு பொறுக்கும். முழங்காலளவு நீரில் தலைகீழாக நின்று மேயும்போது வால் வெளியே தெரியும், காலை வெயிலில் செப்புத் தகடுபோல மின்னும். அதைப் பார்த்துவிட்டால் எங்கள் நான்கு பேருக்கும் பேச்சு நின்றுவிடும்.

முழக்கத்துக்கு வருகிறேன். மீனின் வயிற்றுக்குள் மிதப்புக்காக ஒரு காற்றுப்பை இருக்கிறது. நம் கடற்கரையில் அதை நெட்டி என்பார்கள். கூறல் கத்தாளையின் நெட்டிக்கு மீனைவிட அதிக விலை கிடைப்பதுண்டு. ரெட்ஃபிஷ்ஷிலும் புள்ளி ட்ரௌட்டிலும் ஆண் மீனுக்கு மட்டும் இந்தப் பையின் இரு புறமும் செந்நிறத் தசைப் பட்டைகள் இருக்கின்றன. முதுகெலும்பிகளின் தசைகளிலேயே மிக வேகமாகச் சுருங்கி விரிபவற்றில் இந்த வகைத் தசையும் ஒன்று. ஒரு சுருக்கத்துக்கு ஓர் அடி. மணியைப்போல ரீங்கரித்துக்கொண்டிருக்காமல், தவில் அடியைப்போல உடனே அடங்கிவிடும். பிடிபட்ட ஆண் ரெட்ஃபிஷ்ஷை வயிற்றோடு ஏந்தினால் அது உறுமும். காதைவிட உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரியும், பிடித்திருப்பது ஓர் இயந்திரமோ என்ற திகைப்பு வரும்.

ட்ரௌட் கோடைக்காலம் முழுக்க மாலை மயங்கும் நேரத்தில் விரிகுடாவுக்குள்ளேயே இப்படிக் குரல் கொடுத்துப் பெண் மீனை அழைக்கிறது. ரெட்ஃபிஷ்ஷின் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம் நெடுக நீளும். அதன் குரல் இன்னும் தாழ்ந்தது, சுமார் 150 ஹெர்ட்ஸ். அலைநீளம் 10 மீட்டர், கால் பங்கு இரண்டரை மீட்டர். நாங்கள் தூண்டில் போடும் ஆழமில்லாத திட்டுகளில் நின்று அது முழங்கினால் பக்கத்து மீனுக்குக்கூடச் சரியாகக் கேட்காது. வளர்ந்த ரெட்ஃபிஷ் கூடுவதோ விரிகுடா கடலோடு சேரும் ஆழமான வாய்களில். அங்கே அந்தக் குரலுக்கு வழி இருக்கிறது.

இந்த அழைப்பின் பிடிவாதத்துக்கு ஒரு சான்று உண்டு. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளி ஃபுளோரிடாவின் சார்லட் ஹார்பர் விரிகுடா மீது கரையேறியது. ஜேம்ஸ் லொகாசியோ, டேவிட் மான் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு முன்பே அங்கே நீருக்கடியில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்திருந்தார்கள். புயல் வீசிய அந்த இரவிலும் இந்தக் குடும்பத்து மீன்கள் முழங்கியிருந்தன. அடுத்த மூன்று இரவுகளில் இன்னும் உரக்க, இன்னும் நீண்ட நேரம் முழங்கின.

இத்தனை பெரிய மீன்கள் ஓரிடத்தில் கூடும் வழக்கமே ஒரு காலத்தில் அவற்றுக்கு எமனாகவும் ஆனது. 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல் கலைஞர் பால் புருதோம் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ்ஷைப் புகழ்பெறச் செய்தார். நாடு முழுவதும் உணவகங்கள் அதையே கேட்டன. விமானத்தில் பறந்து கூட்டத்தைக் கண்டுபிடித்து, சுருக்குவலையால் வளைத்து அள்ளினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மெக்சிகோ வளைகுடாவின் மத்திய அரசுக் கடற்பரப்பில் ரெட்ஃபிஷ் பிடிக்கவே தடை வந்தது. டெக்சஸ் அதற்கு முன்னரே, 1981இல், தன் கடலில் பிடிக்கும் ரெட்ஃபிஷ், ட்ரௌட் விற்பனையை நிறுத்தியிருந்தது. இன்று டெக்சஸில் ஒருவர் ஒரு நாளில் 3 ரெட்ஃபிஷ் வைத்துக்கொள்ளலாம், 20 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் இடைப்பட்டவை மட்டும். மீன்பிடி உரிமத்தோடு வரும் தனிச்சீட்டை மீனில் கட்டினால் அதைவிடப் பெரியது ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் நால்வரும் அந்தச் சீட்டைப் பயன்படுத்தியதே இல்லை. 28 அங்குலத்தைத் தாண்டிய மீன் முழங்கவும் முட்டையிடவும் கடலுக்குக் கிளம்பும் வயதில் இருப்பது.

போன அக்டோபரில் ஒரு மாலை, கால்வெஸ்டன் துறைமுக வாயிலில் அலைதடுப்புச் சுவருக்குச் சற்றுத் தள்ளிப் படகை நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். நான் ஐஸ் பெட்டியின் மூடியைப் படாரென்று சாத்தினேன். அண்ணாச்சி திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படகின் தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். வெகுநேரம் அசையவில்லை. பிறகு கையை மட்டும் நீட்டி என்னைப் பக்கத்தில் படுக்கச் சொன்னார். ஈரமான பலகை கன்னத்தில் சில்லென்று ஒட்டியது. முதலில் அலை மோதும் சத்தம்தான். அதற்கு அடியில், வெகு தாழ்வாக, தும் தும் தும் தும் என்று நாலைந்து அடிகள். நின்றது. சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. அன்று நாங்கள் தூண்டிலைக் கையில் எடுக்கவில்லை.