மழை பிடித்தால் ஆர்சிசிபி ஏன் விழுகிறது?

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டுக்குப் பின்னால 40 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை. அடுப்படி பிளக்குல இருந்து 2.5 வயர் இழுத்து ரெண்டு விளக்கும் ஒரு குதிரைச்சக்தி பம்பும் ஓடுது. மழை பிடிச்சா வீட்டு ஆர்சிசிபி விழுந்துடுது. கொட்டகை எம்சிபிய அடைச்சாலும் நிக்கல. ஆர்சிசிபிய எடுத்துட்டு நேரா குடுத்துடலாம்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?"

செய்யவே கூடாது. ஆர்சிசிபி என்பது மின்சாரம் மண்ணுக்குக் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்; எம்சிபி என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் விழும் சுவிட்ச். உங்கள் ஆர்சிசிபி பழுதாகவில்லை, சரியாக வேலை செய்கிறது.

முதலில் வயரின் பருமன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஒரு மீட்டர் போய்த் திரும்பினால் 18 மில்லிவோல்ட் இறங்கும். பம்பு ஓடும்போது 6 ஆம்பியர்தான், 40 மீட்டரில் 4 வோல்ட் போகிறது, பரவாயில்லை. ஆனால் கிளம்பும் நொடியில் மோட்டார் அதைப்போல ஆறு மடங்கு இழுக்கும். அப்போது 26 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பம்பு முனகும், விளக்கு மங்கும், நாளடைவில் மோட்டார் சுருள் கருகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அதே நொடியில் இழப்பு 10 வோல்ட் அளவில் நின்றுவிடும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நம் நாட்டு வீடுகளில் எர்த் என்பது மலேசிய மின்சார நிறுவனமான தெனாகா கொண்டுவந்து தரும் கம்பி அல்ல. வாசலோரம் அடித்திருக்கும் செம்புக் கம்பம்தான் எர்த். சாதாரண மண்ணில் 1.5 மீட்டர் கம்பம் ஒன்றுக்கு 60 ஓம் தடை இருக்கலாம். பம்புக்கு மின்சாரம் கொண்டுவரும் லைவ் கம்பி உரசி இரும்புக் கூட்டைத் தொட்டால் மண் வழியே ஓடுவது 230ஐ 60ஆல் வகுத்தது, அதாவது 4 ஆம்பியருக்கும் குறைவு. 20 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாள் முழுதும் அசையாமல் இருக்கும். கொட்டகையின் இரும்புத் தூண், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஏறக்குறைய 230 வோல்ட்டில் நிற்கும்.

மாட்டுக்கு இது மனிதனைவிட மோசம். கம்பத்தைச் சுற்றியுள்ள மண்ணில் வோல்ட் ஒரே அளவாக இருக்காது, முதல் ஒன்றிரண்டு மீட்டருக்குள் சடசடவென்று இறங்கும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளியே ஒன்றரை மீட்டர் இருக்கும். ஈர மூத்திரத் தரையில் வெறுங்குளம்போடு நிற்கிறது. முன்காலில் ஏறும் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் பின்காலில் இறங்கும். நமக்கு ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குவதால் நெஞ்சு பெரும்பாலும் தப்பிக்கிறது. மழை இரவில் கொட்டகையில் மாடு செத்துக் கிடந்தால் "முனி அடிச்சிருச்சு" என்று சொல்லிவிடுகிறோம். முனியாண்டியைக் கும்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் அந்த மாட்டைத் தொடும் முன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் ஓடிப்போய்த் தூக்கினால் அடுத்துப் போவது மனித உயிர்.

எம்சிபி கண்டுகொள்ளாத இந்தக் கசிவைப் பிடிப்பதற்குத்தான் ஆர்சிசிபி. அதைப் பிரித்துப் பார்த்தால் நடுவே மோதிரம் போல ஓர் உலோக வளையம் இருக்கும். லைவ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்து அதன் ஓட்டைக்குள் போகின்றன. ஒன்றில் போகும் மின்சாரம் மற்றதில் திரும்புகிறது; திசை எதிரெதிர் என்பதால் இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். 2 ஆம்பியர் ஓடினாலும் 30 ஆம்பியர் ஓடினாலும் வளையத்துக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் காலையில் போன தலைகளையும் மாலையில் திரும்பிய தலைகளையும் கணக்கெழுதும் கிராணி எண்ணுவது போலத்தான். எத்தனை பேர் போனார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை, ஒரு தலை குறைந்தால் மட்டும் மணி அடிப்பார்.

குறைந்த அந்த மின்சாரம் எங்கோ மண்ணுக்குள் போயிருக்கிறது. அப்போது வளையத்தில் கொஞ்சம் காந்தம் மிஞ்சும். வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளில் அது ஒரு துளி மின்சாரத்தை எழுப்பும். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு கனமான சுவிட்சை எப்படித் திறப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம். உள்ளே ஒரு நிலைக்காந்தம் சின்ன இரும்புத் தகட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. மறுபக்கம் ஒரு ஸ்பிரிங் அதே தகட்டைப் பிடுங்கப் பார்க்கிறது. காந்தம் ஒரு மயிரிழையில்தான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. கசிவு தந்த துளி மின்சாரம் காந்தத்தின் பிடியை அரை நொடிகூட அல்ல, ஒரு அலையின் பாதி நேரம் தளர்த்தினால் போதும், ஸ்பிரிங் தட்டிவிடும். தள்ளும் வேலை முழுவதையும் செய்வது, சுவிட்சை மேலே தூக்கியபோது உங்கள் விரல் ஸ்பிரிங்கில் ஏற்றி வைத்த சக்தி! இந்த வகைக்கு மின்னணு வேண்டாம், தனிச் சப்ளை வேண்டாம். பழுதான ஆர்சிசிபி ஒன்றைத் தமிழ்ப்பள்ளி அறிவியல் கூடத்தில் பிரித்துக் காட்டினால் மின்காந்தப் பாடம் ஒரே வகுப்பில் பதிந்துவிடும். அதற்கு மானியம்கூடத் தேவையில்லை.

ஆர்சிசிபியில் 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருந்தால், கசிவு 15க்கும் 30க்கும் இடையில் வரும்போது அது விழும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் எல்லை 30 அளவில் தொடங்குவதால் அந்த எண். நம் 1994 மின்சார விதிமுறைகள் கையில் பிடிக்கும் சாதனங்களுக்கு 30, ஈரமான இடங்களுக்கு 10, மற்றவற்றுக்கு 100 என்று வகுத்திருக்கின்றன.

சரி, கொட்டகை எம்சிபியை அடைத்த பிறகும் ஏன் விழுகிறது? அந்த எம்சிபி லைவை மட்டுமே வெட்டுகிறது. நியூட்ரல் கொட்டகைவரை அப்படியே தொடர்கிறது. மழையில் ஊறிய ஜங்ஷன் பெட்டியில் நியூட்ரல் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். நியூட்ரல் சுழியம் என்று நினைக்கிறோம். லோடு ஓடும்போது அது மண்ணைவிட இரண்டு மூன்று வோல்ட் உயர்ந்தே நிற்கும். 3 வோல்ட்டை 60 ஓமால் வகுத்தால் 50 மில்லிஆம்பியர். வீட்டில் கெட்டில் போட்டதும் திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு கொட்டகை மண் வழியே நழுவுகிறது, வளையம் கண்டுபிடித்துவிடுகிறது. கெட்டில்மேல் பழி போட்டு அதை மாற்றுகிறவர்கள் உண்டு. இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டும் இருமுனை சுவிட்சைப் பொருத்தி அதை அணைத்துப் பாருங்கள். ஆர்சிசிபி விழாமல் நின்றால் குற்றவாளி கொட்டகைப் பக்கம்தான். பிறகு விளக்கையும் பம்பையும் கழற்றிவிட்டு வயரின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் மீட்டரில் இரண்டு கம்பிகளையும் எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த வயர் ஆகாது.

வயரை மாற்றும்போது அடுப்படியை விட்டுவிடுங்கள். வீட்டு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிபி பெட்டியில் மெயின் சுவிட்சுக்குப் பிறகு தனிப் பிரிவு: 32 ஆம்பியர் இருமுனை எம்சிபி, அதோடு 100 மில்லிஆம்பியர் எஸ் வகை ஆர்சிசிபி. எஸ் வகை கொஞ்சம் தாமதித்து விழும், அதற்குள் கொட்டகையில் உள்ள 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி முந்திக்கொள்ளும். வீட்டில் வெளிச்சம் போகாது. கேபிள் இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்ட் வகை, 6 சதுர மில்லிமீட்டர், 600 மில்லிமீட்டர் ஆழத்தில். கீழும் மேலும் மணல், அதற்கு மேலே எச்சரிக்கை நாடா, இல்லாவிட்டால் வாழைக்கன்றுக்குக் குழி வெட்டும் மண்வெட்டி நேரே கேபிளில் இறங்கும். ஆர்மரை வீட்டு எர்த்தில் மட்டும் கட்டி, கொட்டகை முனையில் எதையும் தொடாமல் மூடிவிட வேண்டும். கொட்டகைக்குச் சொந்தமாக ஒரு கம்பம். தடை அதிகமென்றால் இரண்டாவது கம்பத்தை முதல் கம்பத்தின் நீளத்துக்காவது தள்ளி அடிக்க வேண்டும், பக்கத்தில் அடித்தால் பெரிய பயனில்லை. கொட்டகையில் சிறு டிபி: ஈரமான இடம் என்பதால் 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, விளக்குக்கு 6 ஆம்பியர் எம்சிபி, பம்புக்கு 16. பிளக், சுவிட்ச் எல்லாம் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 மூடி உள்ளவை, மாட்டின் வாய்க்கும் கொம்புக்கும் எட்டாத உயரத்தில். மூத்திர ஆவியின் அம்மோனியா செம்பு முனைகளைப் பச்சையாக அரிக்கும், பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் குடியேறும். வயர் நுழையும் துளைகளை, வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு போட்டு அடைத்துவிடுங்கள். தரை புதிதாகப் போடுவதானால் கான்கிரீட்டுக்குள் பிஆர்சி இரும்புக் கம்பி வலையை வைத்து, தூண், குழாய், கம்பம் எல்லாவற்றோடும் இணைத்துவிடுங்கள். தரை முழுதும் ஒரே வோல்ட் ஆனால் நான்கு குளம்புக்கும் நடுவே வித்தியாசம் இருக்காது. இத்தனையும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் செய்ய வேண்டிய வேலை.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். காந்தமும் தகடும் சேரும் முகம் கண்ணாடிபோல் தேய்த்து மெருகிட்டது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் ஈரமும் தூசியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்பிரிங்கால் பிரிக்க முடியாது. அழுத்தியும் விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். பொத்தான் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பொய்க் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் ஆர்சிசிபி விழத்தான் செய்யும். எர்த் தடையை வயர்மேன் மீட்டர் வைத்து அளந்து, எண்ணை டிபி மூடியில் எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.