உள்ளமைவு: கொன்பிக் பைலுக்கு ஏற்ற சொல்

கொழும்பில் லினக்ஸ் என்ற இயங்குதளம் தெரிந்த யாரிடமாவது கீபோர்ட் வேலை செய்யவில்லை என்று சொன்னால், “கொன்பிக் பைலைத் திறந்து பாருங்கோ” என்பார்கள். ஒரு மென்பொருள் எப்படி இயங்கவேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பு அது. ‘கொன்பிகரேஷன்’ சுருங்கி ‘கொன்பிக்’ ஆனது. வேர் இலத்தீன். ‘கொன்’ என்றால் சேர்ந்து, ‘பிகுரா’ என்றால் உருவம். பல உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி எடுக்கும் வடிவம் என்பதே கருத்து.

தமிழில் அமைப்பு, கட்டமைப்பு, உள்ளமைவு மூன்றும் புழங்குகின்றன. அமைப்பு என்றால் சங்கத்தையும் குறிக்கும். கட்டமைப்பு என்றதும் வீதியும் பாலமும் நினைவுக்கு வருகின்றன. அதனால் நான் உள்ளமைவையே எடுப்பேன். அமைப்பது அமைப்பு, அமைந்திருப்பது அமைவு. கோப்பில் நாம் காண்பது அமைந்திருக்கும் நிலையைத்தான். அந்த நிலைக்குக் கொண்டுவரும் வேலையை உள்ளமைத்தல் எனலாம்.

‘சேர்ந்து’ என்ற பொருள் எவ்வளவு முக்கியம் என்பது பிழை தேடும்போது தெரியும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் விசைப்பலகையின் உள்ளமைவு ‘இடிசி’ கோப்புறைக்குள் ‘டிபோல்ட்’ என்ற உட்கோப்புறையில், ‘கீபோர்ட்’ என்ற கோப்பில் இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புத்தான். அதில் லேஅவுட் வரி மொழியையோ நாட்டையோ சொல்லும்; வேரியன்ட் வரி அதற்குள் எந்த வகை என்று சொல்லும். ஆங்கிலத்துக்கு ‘யுஎஸ்’, இலங்கைக்கு ‘எல்கே’ என இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதிவிட்டு வேரியன்டை வெறுமையாக விட்டால், ஆங்கிலத்திலிருந்து இரண்டாவது விசைமுறைக்கு மாறும்போது திரையில் சிங்களம் வரும். எல்கேயின் இயல்பு விசைமுறை அதுதான். தமிழ்99 என்ற தமிழ் விசைமுறை வேண்டுமானால் வேரியன்ட் வரியில் முதலில் ஒரு காற்புள்ளி, அப்புறம் ‘டாம்_யுனிகோட்’ (கோப்பில் இவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்) இருக்கவேண்டும். அந்தக் காற்புள்ளி விடுபட்டால் டாம்_யுனிகோட் ஆங்கில விசைமுறையோடு போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே அப்படியொரு வகையே கிடையாது. இரண்டு வரியையும் தனித்தனியே வாசித்தால் பிழை கண்ணில் படாது; ஒன்றின் கீழ் ஒன்றை வைத்து, காற்புள்ளிக்குக் காற்புள்ளி ஒப்பிடவேண்டும்.

கோப்பு சரியாக இருந்து, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் மாறவில்லையா? க்னோம் மேசைத்தளம் (திரையில் சாளரங்களையும் பட்டிகளையும் காட்டும் மென்பொருள்) விசைமுறைகளைத் தன்னிடம் தனியாகவும் வைத்திருக்கும். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ளீட்டு மொழிகளையும் பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு மட்டும் ‘அமைப்புகள்’ என்ற சொல் சரியாகப் பொருந்தும்.